தோனியை எடுத்தவரும் ஏலத்தோட்டம் எடுத்த அண்ணனும்: ஒருத்தரோட முடிவுகளை எப்படிக் கணக்குப் பாக்கணும்?



2025 மே மாசம். கம்பத்துலேர்ந்து ஒரு அண்ணனும் தம்பியும் தேனியில இருக்கிற என் ஆபீசுக்கு வந்தாங்க. அண்ணனுக்கு ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், தோட்டம் பாக்கிறவர். தம்பி பத்து வயசு இளையவர், திருப்பூர்ல வேலை. வந்தது பாகப்பிரிவினை கணக்குக்கு. ஆனா முதல் இருபது நிமிஷம் அவங்க பேசுனது சிஎஸ்கே பத்தி. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களையும் தொகைகளையும் மாத்தியிருக்கேன். அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன்.)

அந்த வருஷம் சிஎஸ்கே தொடர்ந்து தோத்துக்கிட்டு இருந்துச்சு. கடைசியில பத்தாவது இடம், அணியோட வரலாற்றுலயே முதல் தடவை. தம்பி கொதிச்சுப் போயிருந்தார்.

"வி.பி. சந்திரசேகர் இருந்தப்ப எப்படி ஆள் எடுத்தாங்க பாருங்க சார். ஒரு தோனி போதும். இன்னிக்கு வரைக்கும் சோறு போடுது."

அண்ணன் விடல. "ஒரு தோனியவே சொல்லிக்கிட்டு இருக்காதப்பா. ஃபிளிண்டாஃபுக்குக் கொட்டுனாங்களே, அது யாரு காலத்துல? மூணு மேட்ச்சு ஆடிட்டுப் போயிட்டான்ல?"

"ஒண்ணு தப்பாப் போனா என்னண்ணே? மொத்தமா பாக்கணும்."

அப்புறம் பையிலேர்ந்து காகிதங்களை எடுத்தாங்க. தம்பி முதல்ல சொன்னது: "சார், அண்ணன் 2019ல ஏலத்தோட்டத்துல விட்ட பணத்தை அவர் பங்குல கழிச்சுட்டு மீதியைப் பிரிங்க. அவர் எடுத்த முடிவு, அவரே அனுபவிக்கட்டும்."

நான் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. இதே மனுஷன் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி 'மொத்தமா பாக்கணும்'னு சொன்னவர்தானே!

இந்தக் கட்டுரை அதைப் பத்திதான். பொறுப்புல இருந்து இறங்கிட்ட ஒருத்தர் எடுத்த முடிவுகளை எப்படி மதிப்பிடுறது? அது கிரிக்கெட் டீமா இருக்கலாம், மியூச்சுவல் ஃபண்ட் மேனேஜரா இருக்கலாம், உங்க அப்பாவா, அண்ணனா இருக்கலாம். அளவுகோல் ஒண்ணாத்தான் இருக்கணும்.

யார் இந்த வி.பி.?

இன்னிக்கு இருக்கிற பசங்களுக்குத் தெரியாம இருக்கலாம். வி.பி. சந்திரசேகர் தமிழ்நாட்டுக்கு ஆடுன அதிரடி தொடக்க ஆட்டக்காரர். 1987-88ல ரஞ்சிக் கோப்பை ஜெயிச்ச தமிழ்நாடு அணியில இருந்தார். அடுத்து வந்த இரானி கோப்பை ஆட்டத்துல 56 பந்துல சதம் அடிச்சார். இந்தியாவுக்கு 7 ஒருநாள் போட்டி. அப்புறம் தேசிய தேர்வுக்குழுவுல இருந்தார். 2008ல ஐபிஎல் ஆரம்பிச்சப்போ சிஎஸ்கேவோட கிரிக்கெட் பொறுப்பு அவர்கிட்ட வந்துச்சு. 2019 ஆகஸ்ட் 15 அன்னைக்குக் காலமானார்.

அவர் காலத்து ஏலங்களைப் பத்தி ரசிகர்கள் இன்னிக்கும் சண்டை போடுறாங்க. ஒரு பக்கம், "தோனியக் கொண்டு வந்தவர், அவருக்கு மேல யாரு?" இன்னொரு பக்கம், "தோனிய யாரு வேணா எடுத்திருப்பாங்க. உலகக் கோப்பை ஜெயிச்ச கேப்டன், அதுல என்ன பெரிய மூளை?"

ரெண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. 2007 செப்டம்பர்ல இந்தியா டி20 உலகக் கோப்பை ஜெயிச்சாச்சு. தோனி நல்ல ஆட்டக்காரர்னு கண்டுபிடிக்க யாரும் தேவையில்ல. அப்ப வி.பி. செஞ்சது என்ன? அங்கதான் ஒரு ஆடிட்டரா எனக்கு ஆர்வம் வருது.

15 லட்சம் டாலருக்குப் பின்னாடி இருந்த கணக்கு

2008 பிப்ரவரி 20, மும்பையில முதல் ஏலம். ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு 50 லட்சம் டாலர். சில அணிகளுக்கு 'ஐகான்' ஆட்டக்காரர்னு ஒருத்தரை ஏலம் இல்லாமலே கொடுத்துட்டாங்க. மும்பைக்கு சச்சின், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், பஞ்சாபுக்கு யுவராஜ், டெல்லிக்கு சேவாக். சென்னைக்கு ஐகான் யாரும் இல்ல.

பாத்தா சென்னைக்கு நஷ்டம் மாதிரி தெரியும். ஆனா விதியில ஒரு வரி இருந்துச்சு: ஐகான் ஆட்டக்காரருக்கு, அந்த அணி ஏலத்துல அதிகமா கொடுத்து வாங்குன ஆளைவிட 15 சதவீதம் கூடுதலா கொடுக்கணும்.

இப்ப கணக்குப் போடுங்க. தோனிக்கு மும்பை 15 லட்சம் டாலர் கேட்டா, சச்சினுக்கு 17.25 லட்சம் டாலர் தானா ஏறிடும். ரெண்டு பேருக்கே 32.25 லட்சம். மீதி டீம் முழுசையும் 17.75 லட்சத்துக்குள்ள வாங்கணும். சென்னை அதே 15 லட்சம் கொடுத்தா மீதி 35 லட்சம் கையில நிக்கும்.

அதாவது ஒரே ஆள், ஒரே ஏல விலை. ஆனா மும்பைக்கு அடக்க விலை 32.25 லட்சம், சென்னைக்கு 15 லட்சம். ஒரு கட்டத்துக்கு மேல மும்பையால வர முடியல. சென்னை 15 லட்சம் டாலருக்கு, அன்னைக்குக் கணக்குல சுமார் 6 கோடி ரூபாய்க்கு, தோனியை எடுத்துச்சு. அந்த ஏலத்துலயே அதிக விலை அதுதான்.

நல்ல ஆளைத் தெரிஞ்சு வெச்சிருக்கிறது ஒரு திறமை. எதிராளியோட பையில எவ்வளவு இருக்கு, அவன் எங்க நிப்பான்னு தெரிஞ்சு வெச்சிருக்கிறது இன்னொரு திறமை. பணத்தைப் பொறுத்தவரைக்கும் ரெண்டாவதுதான் பெரிசு.

இன்னொரு விஷயத்தையும் இங்க குறிச்சு வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும். அணி உரிமையாளர் தரப்புல இருந்த ஸ்ரீனிவாசன் மனசுல முதல்ல இருந்தது சேவாக். வி.பி. தோனின்னு சொல்லி, ஏன்னு காரணம் விளக்கின பிறகுதான் சம்மதம் கிடைச்சுது. வி.பி.யே பின்னாடி இதைச் சொல்லியிருக்கார்.

ஒரே பட்டியல், பல முகம்

அந்த முதல் ஏலத்துல எடுத்த மத்தவங்களைப் பாருங்க.

ரெய்னா, 6.5 லட்சம் டாலர். சென்னைக்காக நாலாயிரத்துக்கும் மேல ரன் அடிச்சார். சந்தேகமே இல்லாம லாபம்.

ஆல்பி மார்க்கல், ஜேக்கப் ஓரம். ரெண்டு பேருக்கும் ஒரே விலை, 6.75 லட்சம் டாலர். ரெண்டு பேரும் ஆல்ரவுண்டர். மார்க்கல் 2013 வரைக்கும் சென்னைக்கு ஆடினார். ஓரம் சென்னைக்கு ஆடினார்னு சொன்னா இன்னிக்குப் பல ரசிகர்கள் "அப்படியா?"ன்னு கேப்பாங்க.

ஹெய்டன், 3.75 லட்சம் டாலர். 2009ல 572 ரன் அடிச்சு ஆரஞ்சு தொப்பி வாங்குனார்.

ஃபிளெமிங், 3.5 லட்சம் டாலர். ஆட்டக்காரரா ஒரே ஒரு சீசன். அந்தக் கணக்கு மட்டும் பாத்தா சுமார்தான். ஆனா 2009லேர்ந்து அவர்தான் கோச். அஞ்சு கோப்பையும் அவர் கோச்சா இருந்து வந்தது. இந்த லாபத்தை எந்த ஏலக் கணக்குல எழுதுவீங்க?

இப்ப 2009. ஃபிளிண்டாஃப், 15.5 லட்சம் டாலர். தோனியைவிட அதிகம். மூணு ஆட்டம், 62 ரன், 2 விக்கெட், முட்டியில காயம், ஊருக்குப் போயிட்டார். ஹெய்டன் விலையில நாலு மடங்குக்கும் மேல. அதே சீசன், அதே சட்டை.

ஏலத்துலேயே வராத இன்னொரு வரவும் இருக்கு. அஸ்வின் முதல்ல சென்னைக்கு வந்தது ஏலம் வழியா இல்ல. தமிழ்நாட்டுப் பையன்னு நேரடியா எடுத்தாங்க. 2011 இறுதி ஆட்டத்துல முதல் ஓவர்லயே கெய்லை ரன் இல்லாம அனுப்பினவர் அவர்தான்.

ஆக, தோனியை மட்டும் பாத்தா மகா மேதை. ஃபிளிண்டாஃபை மட்டும் பாத்தா ஊதாரி. பட்டியல் முழுசா பாத்தாத்தான் ஒரு உருவம் கிடைக்குது: நடு விலைக்கு நிறைய நல்ல ஆளுங்க, ஒரு பெரிய வெற்றி, ஒரு பெரிய நஷ்டம்.

வி.பி. போனதுக்கப்புறமும் கதை இதேதான். 2022 டிசம்பர் ஏலத்துல சிஎஸ்கே பென் ஸ்டோக்ஸை 16.25 கோடிக்கு எடுத்துச்சு, ரெண்டே ஆட்டம் ஆடினார். அதே நாள்ல ரஹானேயை 50 லட்சத்துக்கு எடுத்தாங்க, 326 ரன் அடிச்சார். அந்த வருஷம் கோப்பையும் வந்துச்சு. ஒரே மேசையில உக்காந்த ஒரே கூட்டம்தான் ரெண்டு முடிவையும் எடுத்துச்சு. 'ரஹானே ஜொலிப்பார்னு தெரியும்'னு யாராவது சொன்னா, 'அப்ப ஏன் 50 லட்சத்தோட விலை நின்னுச்சு?'ன்னு கேளுங்க. மத்த ஒன்பது அணியும் வேண்டாம்னுதான் இருந்தாங்க.

அமெரிக்காவுல இதை அளந்தே பாத்திருக்காங்க

அமெரிக்கக் கால்பந்துல ஏலம் கிடையாது, டிராஃப்ட். போன சீசன்ல கடைசியா வந்த அணிக்கு முதல் தேர்வு, அப்படியே வரிசையா புது ஆட்டக்காரர்களை எடுத்துக்கலாம். அங்கயும் பழைய மேனேஜர் யாரை எடுத்தார், யாரை விட்டார்னு ரசிகர்களுக்குள்ள ஓயாத சண்டை.

அங்க எல்லாரும் சொல்ற உதாரணம் டாம் பிராடி. 2000ல 199வது ஆளாத்தான் அவரை எடுத்தாங்க. பின்னாடி ஏழு சூப்பர் பவுல் ஜெயிச்சார். எடுத்த பேட்ரியாட்ஸ் அணிக்கு என்ன தீர்க்கதரிசனம்னு புகழ்வாங்க. ஆனா அதே அணி, அதே டிராஃப்ட்ல, பிராடிக்கு முன்னாடி வேற ஆறு பேரை எடுத்துச்சு! பிராடி இப்படி வருவார்னு தெரிஞ்சிருந்தா ஏழாவது ஆளாவா எடுத்திருப்பாங்க?

கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர்னு ரெண்டு பேராசிரியர்கள் இதை ஆராய்ஞ்சாங்க. தேலர் 2017ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்குனவர். ஒரே இடத்துக்கு ஆடுற ரெண்டு பேர்ல, முன்னாடி எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நல்லா ஆட எத்தனை வாய்ப்பு? சுமார் 52 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டா 50. வருஷம் முழுக்க ஆள் அனுப்பி, வீடியோ பாத்து, கோடி கோடியா செலவு பண்ணி ரெண்டு சதவீதம்தான் கூடுதல். ஆனா முன்னாடி தேர்வு செய்யற உரிமைக்கு அணிகள் கொடுக்கிற விலை ரொம்ப அதிகம்னு அவங்க காட்டுனாங்க.

ஏலத்துல இதைவிட ஒரு வம்பு இருக்கு. பத்து பேர் ஒரு பொருளுக்கு மனசுல ஒரு விலை வெச்சிருக்காங்க. யாருக்குக் கிடைக்கும்? பத்து பேர்லயே அதை ரொம்ப அதிகமா மதிப்பிட்டவருக்கு. பெரும்பாலும் அவர் மதிப்பு உண்மை விலையைத் தாண்டித்தான் இருக்கும். 1971லயே எண்ணெய்க் கிணறு ஏலங்களைப் பாத்த மூணு பொறியாளர்கள் இதை எழுதி வெச்சாங்க. ஜெயிச்சவனுக்கு வர்ற சாபம்னு இதைச் சொல்லலாம்.

நம்ம ஊர்ல 'ஏலம்'னா ரெண்டு அர்த்தம்

போடி, கம்பம் பக்கம் பொறந்தவங்களுக்கு இந்தச் சாபத்தைப் புதுசா விளக்க வேண்டியதில்ல. நமக்கு ஏலம்னா செடியும்தான், கூவுற ஏலமும்தான். போடியில ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலத்துல வியாபாரிங்க சாம்பிள் காயைக் கையில எடுத்து நிறம், பருமன் பாத்து விலை கேக்கிறதைப் பாத்தவங்களுக்குத் தெரியும். காய் ஒண்ணுதான். விலை மட்டும் நாளுக்கு நாள் மாறும்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துல இடுக்கி தோட்டங்கள் அடி வாங்குச்சு. அடுத்த வருஷம் மழையும் தள்ளிப் போச்சு. வரத்து குறைஞ்சு, 2019 ஆகஸ்ட்ல அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. கம்பம் பள்ளத்தாக்குல டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சு. கம்பம் மெட்டு ஏறிப் போய்த் தோட்டம் குத்தகைக்குப் பிடிக்க ஒரே போட்டி.

நம்ம அண்ணனும் அப்பத்தான் ஏறினார். வண்டன்மேடு பக்கம் மூணு வருஷக் குத்தகை. குத்தகைப் பணம், உரம், கூலின்னு மொத்தம் 9 லட்சம். 5 லட்சம் சேமிப்பு, 4 லட்சம் நகைக்கடன். அப்புறம் கொரோனா. 2021-22ல சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே போச்சு. திரும்பி வந்தது 3 லட்சம். கடனுக்கு வட்டி மட்டும் 1 லட்சம்.

அண்ணனோட முழுப் பட்டியல்

அப்பா போனதுக்கப்புறம் 2008லேர்ந்து 2020 வரைக்கும் குடும்பப் பணம் அண்ணன் கையில. அவங்க கொண்டு வந்த காகிதங்களை வெச்சு நான் எழுதுனது இது. மதிப்பெல்லாம் 2025 மே நிலவரம்.

2008, தேனிக்குப் பக்கத்துல மனை: போட்டது 4 லட்சம். இன்னிக்கு 20 லட்சம். வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம்.

2008, 15 சவரன் தங்கம்: சவரன் பத்தாயிரத்துக்குக் கீழே இருந்த காலம். போட்டது 1.4 லட்சம். சவரன் 70 ஆயிரம்னு வெச்சா 10.5 லட்சம். வருஷத்துக்குச் சுமார் 12.5 சதவீதம்.

2010, எண்டோமென்ட் பாலிசி: வருஷம் 30 ஆயிரம், 15 வருஷம், மொத்தம் 4.5 லட்சம். வந்தது 6.8 லட்சம். வருஷத்துக்குச் சுமார் 5 சதவீதம்தான்.

2013, திராட்சைப் பந்தலும் போர்வெல்லும்: 5 லட்சம். 12 வருஷத்துல செலவெல்லாம் போகக் கையில நின்னது 11 லட்சம். வருஷா வருஷம் வந்த பணம்ங்கிறதால இது சுமார் 15 சதவீதம்.

2019, ஏலத்தோட்டம்: கைப்பணம் 5 லட்சம் போச்சு. வந்த 3 லட்சத்துல 4 லட்சம் கடனையும் 1 லட்சம் வட்டியையும் அடைச்சா, இன்னும் 2 லட்சம் கைவிட்டுப் போகுது.

மொத்தம்: குடும்பம் போட்ட சொந்தப் பணம் சுமார் 20 லட்சம். ஏலத்தோட்ட நஷ்டமெல்லாம் கழிச்சு நிக்கிறது சுமார் 46 லட்சம். அதே பணத்தை அதே வருஷங்கள்ல 7 சதவீத எஃப்.டி.ல போட்டிருந்தா, வரியைக் கணக்குல எடுக்காம, சுமார் 44 லட்சம் வந்திருக்கும்.

ஆக, அண்ணன் மேதையும் இல்ல, குடும்பத்தை அழிச்சவரும் இல்ல. எஃப்.டி.யைவிட ஒரு விரல் மேல. நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட் போட்டிருந்தா இதைவிட நல்லா வந்திருக்கும். ஆனா 2008ல கம்பத்துல ஒரு விவசாயிகிட்ட போய் இண்டெக்ஸ் ஃபண்ட் பத்தி யார் சொன்னா? நான்கூட அப்ப காலேஜ்ல இருந்தேன். அன்னைக்கு அவர் கண்ணுக்குத் தெரிஞ்ச வழிகளை வெச்சுத்தான் அவரை அளக்கணும்.

அதே அளவுகோலை வெச்சு அவரோட தப்பையும் சொல்லணும். விலை விழுந்தது அவர் தப்பில்ல, ஃபிளிண்டாஃப் முட்டி மாதிரி. ஆனா விலை உச்சத்துல இருக்கிறப்ப எல்லாரும் ஓடுற இடத்துக்கு ஓடுனதும், கையிருப்புல பெரும்பங்கை ஒரே இடத்துல கொட்டுனதும், அதுக்கு மேல கடன் வாங்குனதும் அவர் முடிவு. அந்த 5 லட்சத்தை எஃப்.டி.ல விட்டிருந்தாலே மொத்தம் 55 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்த ஒரு முடிவோட விலை சுமார் ஒன்பதரை லட்சம்.

கணக்குல வராத ஒண்ணு

தம்பி அந்தத் தாளை ரெண்டு தடவை படிச்சார். "மனையும் பந்தலும் அண்ணன் போட்டதுன்னு யோசிக்கவே இல்ல சார். அது எப்பவும் நம்மளுதுன்னு தோணிப் போச்சு" என்றார்.

வெற்றி எல்லாருடையதா மாறிடும், நஷ்டத்துல மட்டும் ஒருத்தர் பேர் ஒட்டிக்கும். எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான்.

பிரச்சனை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஆனா தம்பி தாளை மேசையில வெச்சுட்டு மெதுவா சொன்னார்: "பணம் போனது போகட்டும் சார். அடகு வெச்ச நகையில பாதி என் வீட்டுக்காரியோடது. ஊர்ல பத்திரமா இருக்கட்டும்னு விட்டுட்டுப் போனோம். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

அண்ணன் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தார். நகையை ரெண்டு வருஷத்துல மீட்டுக் கொடுத்துட்டார், ஒரு குண்டுமணி குறையல. ஆனா அதை அவர் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "கேட்டா வேண்டாம்னுதான் தம்பி சொல்லியிருப்பாங்க. அதான் கேக்கல" என்றார். என்னைத்தான் தம்பின்னு கூப்பிடுவார். ஆனா அன்னைக்கு யாருக்குச் சொன்னார்னு எனக்குத் தெரியல.

ஆறு வருஷமா அந்த வீட்டுல பேச்சு இல்லாமப் போனதுக்குக் காரணம் ஒன்பதரை லட்சம் இல்ல. இந்த ஒரு வரிதான்.

இப்ப மேல குறிச்சு வெக்கச் சொன்னதுக்கு வாங்க. வி.பி. தோனிக்காகச் செலவு பண்ணது அவர் பணம் இல்ல. இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலர் கொடுத்து வாங்குன அணி. பணத்துக்குச் சொந்தக்காரர் மனசுல வேற பேர் இருந்துச்சு. அவர் 'வேண்டாம்'னு சொல்ல வாய்ப்பு இருந்தும் வி.பி. போய்ச் சொன்னார், காரணத்தை விளக்குனார், சம்மதம் வாங்குனார். நாளைக்கு தோனி முதல் ஆட்டத்துலயே காயப்பட்டிருந்தாலும், 'என்னைக் கேக்காம செஞ்சுட்டே'ன்னு யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஒருத்தர் வேண்டாம்னு சொல்லுவாங்கன்னு தெரிஞ்சா, அதுவே அவங்ககிட்ட கேக்க வேண்டியதுக்கான காரணம். அந்த 'வேண்டாம்'தான் நமக்குக் கிடைக்கிற இலவச ஆடிட்.

நீங்க செய்ய வேண்டியது

யாரோட முடிவுகளை மதிப்பிட்டாலும், உங்களோடதையும் சேத்து, இந்த அஞ்சு கேள்வியை வரிசையா கேளுங்க.

1. என்ன வாங்குனார்னு மட்டும் பாக்காதீங்க, என்ன விலைக்கு வாங்குனார்? நல்ல பொருளை அதிக விலைக்கு வாங்குனா அது சுமாரான முதலீடு.

2. முழுப் பட்டியல் எங்க? ஒரு தோனியையோ ஒரு ஏலத்தோட்டத்தையோ மட்டும் காட்டினா ஏத்துக்காதீங்க. 'நான் சொன்ன பங்கு மூணு மடங்கு ஆச்சு'ன்னு யாராவது சொன்னா, மீதி சொன்ன பங்கெல்லாம் என்னாச்சுன்னு கேளுங்க.

3. அன்னைக்கு அவருக்கு என்ன தெரிஞ்சிருக்க முடியும்? இன்னிக்கு விலையை வெச்சு அன்னைக்கு ஆளைத் திட்டாதீங்க.

4. எதோட ஒப்பிடுறோம்? வீட்டுக் கணக்குக்கு எஃப்.டி. நல்ல அளவுகோல். மியூச்சுவல் ஃபண்டுன்னா டிவிடெண்டையும் சேத்த இண்டெக்ஸ் வருமானத்தோடதான் ஒப்பிடணும். 2018 பிப்ரவரியிலேர்ந்து செபி விதியே அப்படித்தான். ஃபேக்ட்ஷீட்ல மேனேஜர் எந்த வருஷம் வந்தார்னு இருக்கும், அதையும் பாருங்க. பழைய மேனேஜர் சம்பாதிச்ச பேருக்குப் புது ஆளை நம்பிப் பணம் போடுறவங்க நிறைய.

5. யார் பணம், யாரைக் கேட்டார்? லாபம் வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்க.

இதுக்கு ஒரு சின்ன வழி இருக்கு. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. 50 ஆயிரத்துக்கு மேல எந்த முதலீடா இருந்தாலும், பணம் போடுறதுக்கு முன்னாடி நாலு வரி எழுதுங்க: எவ்வளவு, ஏன், எது நடந்தா நான் தப்புன்னு ஒத்துக்குவேன், வீட்டுல யார்கிட்ட சொன்னேன். கீழ ரெண்டு பேர் கையெழுத்து. அவ்வளவுதான். பத்து வருஷம் கழிச்சு உங்க பிள்ளைங்க உங்களைத் திட்டுறதா இருந்தாலும், முழுக் கணக்கையும் பாத்துட்டுத் திட்டுவாங்க.

கம்பம் அண்ணன் தம்பி கதை எப்படி முடிஞ்சுதுன்னு கேப்பீங்க. ஏலத்தோட்ட நஷ்டத்தை ரெண்டு பேரும் பாதிப் பாதி ஏத்துக்கிட்டாங்க. நகைக்கடன் வட்டி ஒரு லட்சத்தை மட்டும் அண்ணன் தன் பங்குல கழிக்கச் சொன்னார். தம்பி வேண்டாம்னார். "அது என் கணக்குடா, இருக்கட்டும்"னு அண்ணன் முடிச்சுட்டார்.

ஆறு வருஷம் கழிச்சு 'டா' வந்துச்சு. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பேசல, பத்திரத்துக்கு வேண்டியதை எழுத ஆரம்பிச்சேன்.

படி இறங்குறப்ப தம்பி குரல் கேட்டுச்சு: "ஆனா ஃபிளிண்டாஃப எடுத்தது தப்புதாண்ணே."

இதைப் பத்தி நோட்டோட மாதிரிப் பக்கத்தைக் காட்டி நம்ம சேனல்ல ஒரு வீடியோ போடுறேன். அதுவரைக்கும் உங்க வீட்டுப் பட்டியலை ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. யார் பேரை எந்த நஷ்டத்துல ஒட்டி வெச்சிருக்கீங்கன்னு அப்பத்தான் தெரியும்.

(இது பொதுவான தகவலுக்கு மட்டும். எந்தத் திட்டத்தையும் வாங்கச் சொல்லியோ விற்கச் சொல்லியோ எழுதினது இல்ல. பெரிய முடிவுக்கு முன்னாடி உங்க ஆடிட்டரையோ பதிவு பெற்ற ஆலோசகரையோ பாருங்க.)